நிற்கத் தெரிந்த கால்

நாற்பத்து நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு சுகந்தியின் வலது பாதம் அசைந்தது.

அதை முதலில் பார்த்தவள் பெனாசிர். பிசியோதெரபிஸ்ட். தினமும் காலையில் சுகந்தியின் இரண்டு கால்களையும் மடக்கி நீட்டுவது அவள் வேலை. செத்த மீனைப் புரட்டுவது போல எட்டு மாதமாகப் பிறர் புரட்டிப் பழகிய கால்கள் அவை. அன்று வலது பாதத்தைக் கையில் ஏந்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களா பண்ணுனீங்க?"

"எதைங்க?"

"காலை."

"எனக்கெப்படித் தெரியும்? காலு உங்க கையிலதானுங்க இருக்குது."

"இன்னொருக்கா பண்ணுங்க பாக்கலாம். எதை நெனச்சீங்களோ அதையே நெனைங்க."

சுகந்தி கண்ணை மூடினாள். பாதத்தின் முன்பகுதி இரண்டு விரற்கடை கீழே அழுந்தியது. அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் அழுந்தி மறுபடி நின்றது. பிறகு குதிகால் மெல்லப் பின்னால் சாய்ந்தது.

பெனாசிர் கத்திய கத்தலில் எட்டுப் படுக்கை வார்டும் திரும்பிப் பார்த்தது. ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி கைதட்டினாள். யாரோ சுகந்தியின் புருஷனுக்குப் போன் போட்டார்கள். "நடந்துட்டாளா?" என்று அவன் கேட்டது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "நடக்கப் போறாங்க" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

இத்தனை சத்தத்துக்கு நடுவே சுகந்தி மட்டும் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள். பாதம் என்ன செய்தது என்று அந்த வார்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பாதி அழுத்தம், நிறுத்தம், முக்கால் அழுத்தம், நிறுத்தம். குதிகால் பின்னால் சாய்ந்தால் நூல் அறும். கால் ஒரு எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. கால் தைத்திருக்கிறது.

*

சுகந்தி திருப்பூரில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் ஒரு சட்டையின் படத்தை வரைந்து அனுப்பினால், அந்தச் சட்டையின் முதல் பீஸைத் தைப்பது சாம்பிள் டெய்லர்தான். அது அவனுக்குப் பிடித்தால் அதைப் பார்த்து மற்றவர்கள் லட்சம் பீஸ் அடிப்பார்கள். தொள்ளாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் சாம்பிள் டெய்லர் நான்கு பேர். மற்ற மூவரும் ஆண்கள்.

அந்த வேலையில் மிஷினை ஓட்டுவது பெரிய காரியமே இல்லை. பெடலை மிதித்தால் பவர் டேபிள் என்கிற அந்த மோட்டார் மிஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம் தையல் தானாகப் போடும். நிறுத்துவதுதான் வேலை. காலர் முனையில் ஒரு தையல் கூடினால் மூக்கு கோணும், ஒன்று குறைந்தால் பிசிறும். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் கேட்பதற்குள் மூன்று தையல் போய்விடும். ஆகவே காலே பார்க்க வேண்டும், காலே முடிவெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட கால் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பதினான்கு வருஷத்தில் சுகந்திக்கு வாய்த்திருந்தது.

துணிக் கிடங்கில் நிறம் ஒத்துப் பார்க்கப் போய்க் குனிந்தபோது, மேல் அடுக்கிலிருந்து முப்பது கிலோ ரோல் ஒன்று முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் அணைந்துபோயிற்று. எட்டு மாதம் வீட்டில் கிடந்த பிறகு இந்தத் தண்டுவட மையத்தில் சோதனை மருந்துக்குப் பெயர் கொடுத்தான் புருஷன் முருகானந்தம்.

சேர்ந்த அன்றே டாக்டர் உமையாள் விளக்கிவிட்டார். காரைக்குடிக்காரர். ஐம்பது தாண்டியவர். சுற்றி வளைக்காத பேச்சு.

"தண்டுவடத்துல அடிபட்டதும், அங்க இருக்கற செல்லெல்லாம் சேர்ந்து ஒரு சுவர் கட்டிடும். நமக்குக் கெடுதல் பண்றதுக்கு இல்ல. காயம் மேல பரவாம இருக்கத்தான். ஆனா அந்தச் சுவருக்கு வாசல் கிடையாது. மேலருந்து வர்ற நரம்பிழை முட்டி நின்னுடும். நம்ம மருந்து அந்த செல்களோட மனசை மாத்தும். சுவர் கட்டினதே பாலமாயிடும். அறுபது நாள் அந்தப் பாலம் இளசா இருக்கும். அதுக்குள்ள எந்த இழையில போக்குவரத்து இருக்கோ அந்த இழை தங்கும். சும்மா கிடக்கறது பட்டுப்போயிடும். அறுபதாம் நாள் எல்லாம் இறுகிடும். அப்புறம் மாத்த முடியாது."

"அப்ப அறுபது நாளும் நான் என்னங்க பண்ணணும்?"

"நடக்கணும். கால் நடக்காட்டியும் நீங்க நடக்கணும். தினம் நாலு மணி நேரம் வாரில தொங்கவிட்டு டிரெட்மில்லுல மிஷின் உங்க காலை எடுத்து எடுத்து வைக்கும். மிச்ச நேரமெல்லாம் படுத்துக்கிட்டே நடக்கறதா நினைங்க."

சுகந்தி நினைத்துப் பார்த்தாள். நான்கு நாள் நேர்மையாக நினைத்தாள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்தாள். கடை தெரிந்தது, நாய் தெரிந்தது, சாக்கடை தெரிந்தது. கால் மட்டும் தெரியவில்லை. நடக்கிற எவருக்குத்தான் நடக்கத் தெரிகிறது? அது பாட்டுக்கு நடக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் நடந்தவளுக்கு எந்தக் கால் முதலில், எந்தத் தசை அப்புறம் என்று ஒன்றுமே நினைவில்லை.

ஐந்தாம் நாள் அலுப்பில் ஒரு காலர் தைத்தாள். மனசுக்குள்தான். இடுப்புக்குக் கீழே, எங்கோ ஆழத்தில், வெதுவெதுப்பாக ஏதோ ஓடிய மாதிரி இருந்தது. விடுவாளா? அன்றிலிருந்து வாரில் தொங்கும் நாலு மணி நேரம் போக, விழித்திருக்கும் நேரமெல்லாம் தையல்தான். மணிக்கு ஒரு டி-சர்ட். தோள் சேர்த்து, பட்டி வைத்து, காலர் ஏற்றி, கை கூட்டி, பக்கம் மூடி. மனசுக்குள் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். படுத்த படுக்கையில் ஐந்நூறு சட்டை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

*

"பெடலா?" என்றார் டாக்டர் உமையாள்.

மறுநாள் காலை, அவருடைய அறையில். பெனாசிர் சுவரோரம் நின்றாள். திரையில் சுகந்தியின் தண்டுவடம் தெரிந்தது. பாலத்தின் மேல் நூல் நூலாக இழைகள். ஏறக்குறைய எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஓடின.

"பத்துல எட்டு இழை வலது கணுக்காலுக்குப் போயிருக்கு. இடுப்புக்கு ஒண்ணு. முழங்காலுக்கு ஒண்ணு. இடது காலுக்கு ஒண்ணுமே இல்ல. இவ்வளவு நெருக்கமா ஒரே இடத்துல இழை போயி நான் பார்த்ததே இல்ல, சுகந்தி. சொல்லுங்க, என்ன நினைச்சீங்க?"

"தைக்கறதைங்க மேடம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபமாக இருக்கிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று சுகந்திக்குப் பிடிபடவில்லை.

"இப்படியே விட்டா உங்க வலது பாதம் பெடல் மிதிக்கும். ஆயுசு பூரா நல்லா மிதிக்கும். ஆனா நடை கிடையாது. இன்னொரு வழி இருக்கு. ஒரு ஊசி போட்டு இந்த இழையெல்லாம் கழுவி எடுத்துடலாம். பாலம் இன்னும் பதினஞ்சு நாள் இளசாத்தான் இருக்கும். அந்தப் பதினஞ்சு நாளும் ராப்பகலா வாரில போட்டா, நடை வர்றதுக்குப் பத்துக்கு மூணு வாய்ப்பு."

"வரலீன்னா?"

"இதுவும் போயிடும். ஒண்ணும் இருக்காது."

"பத்துக்கு மூணுக்காகவா கழுவோணும்?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மறைக்காமல் சொன்னார். "பன்னெண்டு பேருக்கு மருந்து குடுத்தோம். ஏழு பேர் பத்து மீட்டர் நடக்கணும். அதுதான் நிபந்தனை. அஞ்சு பேர் நடக்கல. ஆறு பேர் நடந்துட்டாங்க. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். ஏழாச்சுன்னா இந்த மருந்து ஜில்லா ஜில்லாவா எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் போகும். ஆறுன்னா மூட்டை கட்டிட வேண்டியதுதான். இதுல என் பதினோரு வருஷம் இருக்கு. அதை விடுங்க. பின்கட்டுல நாப்பது பேர் இந்த மருந்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

சுகந்தி திரையையே பார்த்தாள். தன் முதுகுக்குள் இப்படி ஒரு நெசவு நடந்திருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. ஒரு இழைகூட கோணவில்லை. பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த ஆறு பேர்ல நாகமாணிக்கம் வாத்தியார் நடக்கறாரே, செவுத்துகிட்டப் போனா நிப்பாருங்களா?"

பெனாசிர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆறு பேரும் நடந்தார்கள் என்பது உண்மை. வாரில் தொங்கியபோது மிஷின் எந்த வேகத்தில் காலை எடுத்து வைத்ததோ அதே வேகத்தில், அதே அளவு எட்டில், சாவி கொடுத்தது போல நடந்தார்கள். பத்தாவது மீட்டரில் பெனாசிர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள், பிடிக்க. பிடிக்காவிட்டால் சுவரில் போய் முட்டுவார்கள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"நிக்கறது பரீட்சையில இல்ல" என்றார் டாக்டர். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

*

முருகானந்தம் மத்தியானம் வந்தான். 'சின்ன யானை' வண்டியில் துணி மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அவளுக்கென்று ஆரஞ்சு வாங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்து அவனே தின்றான்.

"பதினாலு வருஷம் அவனுகளுக்கு அடிச்சது பத்தாதா? கம்பெனிய கொண்டாந்து காலுக்குள்ளயே வெச்சிருக்கற!"

"கம்பெனி காலு இல்ல மாமா. என்ற காலு."

"நம்மூடு மாடியில இருக்குது. இருவத்திரண்டு படி. அதையும் பெடல்ல மிதிச்சு ஏறிப்போடுவியா?"

"நீங்கதான் தூக்கிட்டுப் போறீங்களே."

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவனுக்கே உறைத்தது. கடைசி ஆரஞ்சுச் சுளையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"போட்டுக்கோ அந்த ஊசிய. உனக்காக இல்லீன்னாலும் பின்னாடி கெடக்கற நாப்பது பேருக்காகப் போட்டுக்கோ. நாளைக்கு ஊரு நம்மளத்தான் பேசும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஊர் பேச மறுநாள் வரைகூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் பின்கட்டிலிருந்து ருக்குமணி வந்தாள். காங்கேயம் பக்கத்துக்காரி. அவளுடைய மகன் மாரப்பன் மின்கம்பத்திலிருந்து விழுந்தவன், இருபத்தாறு வயசு. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, கை உட்பட. ருக்குமணி வந்ததும் வராததுமாக சுகந்தியின் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தது சுகந்திக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"அம்மிணி, பத்தடி கண்ணு. எண்ணிப் பத்தே அடி நடந்துரு. நீ நடந்தீன்னா என்ற பையன் நடப்பான். உனக்குப் புண்ணியமாப் போவும்."

"எந்திரிங்கக்கா."

"நீ சரின்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

அந்தப் பெண்ணின் நரைத்த வகிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த சுகந்திக்கு, "மாட்டேன்" என்கிற சொல் வாயில் வரவில்லை. "சரிங்க்கா" என்றாள். சொன்னதும் ஏதோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. முடிந்தது. ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முன்னால் யாருக்காகக் காலை விடுகிறோமோ அவனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெனாசிர் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

*

மாரப்பனுக்குத் தலை மட்டும்தான் அசையும். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து அவன் வாய் அசைந்தது.

"வாங்க வாங்க! நடைராணி உருட்டிக்கிட்டு வாராங்க! அம்மா, அக்காவுக்குக் காபி வாங்கிட்டு வா. கேண்டீன் காபி வேண்டாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குதல்லொ, அங்க."

ருக்குமணி போனதும் அவன் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"அக்கா, அம்மா காலைப் புடிச்சுதா?"

"புடிச்சாங்க. சரின்னு சொல்லிப்போட்டேன்."

"கெடுத்தீங்க." அவன் கண்ணை மூடித் திறந்தான். "மருந்து 'நடக்க வைக்கிற மருந்து'ன்னு பாஸ் ஆச்சுன்னா, நடக்கறதுக்குத்தான் குடுப்பாங்க. என்னையும் கவுத்துல தொங்க உட்டு, அறுபது நாள் அந்த மிஷினு காலை எடுத்து எடுத்து வெக்கும். இழையெல்லாம் காலுக்குப் போயிரும். அப்பறம் சிமெண்டு. கையி?"

சுகந்தி போர்வையின் மேல் அசையாமல் கிடந்த அவன் கைகளைப் பார்த்தாள்.

"எனக்கு நடக்கவே வேண்டாங்க்கா. ஒரு கட்டைவிரல் போதும். மூக்குல ஈ உக்காந்தா அம்மாவக் கூப்புடோணும். ஒரு புள்ள எனக்கு மெசேஜ் அனுப்பும், அதை அம்மா சத்தம் போட்டு வாசிக்குது. பதிலும் அம்மாகிட்டத்தான் சொல்லி அடிக்கோணும். நாலு தடவ 'சாப்பிட்டியா'ன்னு அனுப்புனேன், அதுக்கு மேல என்னத்த அனுப்பறது? அந்தப் புள்ள போயிருச்சு."

பெனாசிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாரப்பனும் சிரித்தான்.

"இதை டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"யாருங்க்கா கேட்டா? 'கண்ணு, நடக்கோணுமா'ன்னு கேக்கறாங்க. என்ன வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேக்கல."

"நான் மாட்டேன்னு சொன்னா மருந்தே நின்னு போயிரும்டா. மத்த முப்பத்தொம்போது பேரு?"

"அவங்க என்ன நெனைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்காக நடக்கறீங்கன்னா, நடக்காதீங்க. அவ்வளவுதான். காபி வருது, பேச்சை மாத்துங்க."

 திரும்பி வரும்போது வார்டு வாசலில் சுகந்தி பெனாசிரை நிறுத்தச் சொன்னாள்.

"அவனுக்காக வேண்டாம்னு சொல்லப் போறேன்னு நெனைக்காதீங்க. அவன் சொன்னது ஒரு சாக்கு. எனக்கு இந்தக் காலு வேணும். அதுதான் நெசம்."

"தெரியுங்க்கா" என்றாள் பெனாசிர்.

டாக்டர் உமையாளிடமும் சுகந்தி அதையே சொன்னாள். அவர் இந்த முறை கோபத்தை மறைக்கவில்லை.

"ஒரு தையல் மிஷினுக்காகவா?"

"மேடம், உங்க கையக் கழுவி எடுத்துப்போட்டு, அதுக்குப் பதிலா நல்லா பாடற தொண்டை தாரேன்னா, அதுவும் பத்துக்கு மூணுன்னா, வாங்கிக்குவீங்களா?"

 டாக்டர் கதவைக் காட்டினார்.

*

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் 'சின்ன யானை' மையத்தின் வாசலில் வந்து நின்றது. முருகானந்தமும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய பவர் டேபிளை இறக்கினார்கள். ஏதோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். பெனாசிர் பிசியோதெரபி அறையின் மூலையில் இடம் ஒதுக்கினாள்.

"மாடி ஊட்டைக் காலி பண்ணீட்டேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "கீழ் ஊடு ஒண்ணு பாத்திருக்கறேன். தண்ணி வாரத்துக்கு ரண்டு நாளுதான் வரும். அதுக்கு என்னையத் திட்டப்படாது."

முதல் இரண்டு நாள் கால் மிஷினோடு சண்டை போட்டது. காலில் தொடுஉணர்ச்சி இல்லை. பெடல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. சுகந்தி ஊசியின் சத்தத்தைக் கேட்டுக் கால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். நான்காம் நாள் நேர்த்தையல் வந்தது. எட்டாம் நாள் காலர் வந்தது. பன்னிரண்டாம் நாள் வந்த காலரை அவளே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கு அது லேசில் நடக்கிற விஷயம் அல்ல.

அறுபதாம் நாள் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் சபாநாயகம் சென்னைக்காரர், எலும்பு டாக்டர், குறைவாகப் பேசுகிறவர். தரையில் பத்து மீட்டருக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தது.

"நடங்க அம்மா."

"முடியாதுங்க."

அவர் தாளில் ஒரு சுழியம் போட்டார். அவ்வளவுதான் பரீட்சை.

"ஐயா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்றாள் சுகந்தி.

அவர் வந்தார். மரியாதைக்காக வந்த மாதிரிதான் இருந்தது. சுகந்தி காலர் துணியை ஊசிக்குக் கீழே வைத்தாள். மிஷின் சீறி ஓடி, முனையில் வெட்டியது போல நின்றது. துணி திரும்பியது. மறுபடி ஓடி, மறுபடி நின்றது. குதிகால் சாய்ந்து நூலை அறுத்தது. சபாநாயகம் காலரைக் கையில் வாங்கவில்லை. அவர் அவளுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தையல் மட்டும் போடுங்க."

மூன்று போட்டாள்.

"ஒண்ணு."

ஒன்று போட்டாள். டக்கென்று ஒரே ஒரு சத்தம்.

அவர் குனிந்து ஊசியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், நிமிர்ந்தார். "அந்த ஆறு பேர்ல யாராச்சும் இங்க இருக்காங்களா?"

நாகமாணிக்கம் வாத்தியாரை அழைத்து வந்தார்கள். "நடங்க சார். ஆறாவது மீட்டர்ல நான் சொல்வேன், நில்லுங்க." வாத்தியார் நடந்தார். அழகாகத்தான் நடந்தார். "நில்லுங்க" என்றார் சபாநாயகம். வாத்தியாரின் முகம் நிற்கப் பார்த்தது. கால் கேட்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பெனாசிர் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

 வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் உமையாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரோட காலை மிஷின் எடுத்து வச்சது. இந்தம்மா காலை யாரும் எடுத்து வைக்கல. தனக்கு வேண்டியதை இவங்களே கேட்டு வாங்கியிருக்காங்க. பதினோரு வருஷமா நான் காலுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்திருக்கேன், ஆளைக் கேக்கவே இல்ல."

"விதி விதிதான், டாக்டர்" என்றார் சபாநாயகம். "பன்னிரண்டுக்கு ஆறு. தோல்வி." தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எதையோ நீளமாக எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

*

மருந்து பதினோரு மாதம் நின்றது.

அந்தப் பதினோரு மாதத்தில் பின்கட்டு நாற்பது பேரில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவருக்குப் படுக்கைப்புண், ஒருவருக்குச் சிறுநீரகம். அவர்களுடைய பெயர் சுகந்திக்குத் தெரியும். தன்னால் இல்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. தன்னால்தான் என்று மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. ருக்குமணி அவளைப் பார்த்த இடத்தில் மண்ணை வாரித் தூற்றினாள். சுகந்தி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போகாமல் தூற்றி முடிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.

டாக்டர் உமையாள் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருநாள் கீழ் வீட்டுக்கு வந்து இறங்கினார். இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து, படுக்கையில் தைத்த ஐந்நூறு சட்டையையும் மணிக்கணக்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தத் தையலில் வெதுவெதுப்பு வந்தது, பிரித்தபோது என்ன ஆயிற்று, எந்த இடத்தில் அலுப்பு வந்தது. முருகானந்தம் இரண்டு நாளும் தண்ணீர் தூக்கிக்கொண்டு இருந்தான். போகும்போது டாக்டர், சபாநாயகம் தாளோரத்தில் எழுதிய குறிப்பால் அனுமதி கிடைத்த புதிய சோதனையின் படிவத்தைக் காட்டினார். அதில் பத்து மீட்டர் இல்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும்? அதற்குக் கீழே மூன்று வெற்று வரிகள்.

"மூணு வரி பத்துமாங்க மேடம்?"

"பத்தலைன்னா பின்பக்கம் எழுதட்டும்" என்றார் டாக்டர்.

சுகந்தி சாம்பிள் செக்ஷனுக்குத் திரும்பினாள். சக்கர நாற்காலியை மிஷினுக்கு முன்னால் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள், வலது பாதத்தைக் கையால் தூக்கிப் பெடலில் வைப்பாள், பிறகு கையை எடுத்துவிடுவாள். அதற்குமேல் கால் பார்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் மற்ற செக்ஷன்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "காலைப் பாக்க வந்தீங்களா, காலரைப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்பாள். அதன் பிறகு காலரைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் மிஷினுக்குத் திரும்பிப் போவார்கள்.

புதிய சோதனை தொடங்கிய வாரம், டீ இடைவேளையில் மாரப்பனிடமிருந்து போன் வந்தது. போனை அவன் காதில் பிடித்திருப்பது ருக்குமணி என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது. அவள் சுகந்தியோடு பேசுவதில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"அக்கா, கேட்டாங்க! என்ன வேணும்னு கேட்டாங்க. எதுருக்க சேரைப் போட்டு உக்காந்து கேட்டாங்க. ரண்டு மணி நேரம்."

"சரி, கட்டைவிரல்னு எழுதச் சொல்லீட்டயா?"

மறுமுனையில் மாரப்பன் தொண்டையைச் செருமினான்.

"டேய்."

"நடக்கோணும்னு எழுதச் சொல்லீட்டேன்."

சுகந்தி டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். "என்னது?"

"நடக்கோணும்னு. நெசமாத்தான் அக்கா. அம்மா சொல்லல, அம்மாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும். கேக்கற வரைக்கும் கட்டைவிரல்தான் இருந்துச்சு. கேட்டதும் யோசிச்சேன். விரல் வந்தாலும் இதே ரூம்தான், இதே ஃபேன்தான். ஊட்டுக்கு ஒறம்பரைச் சனம் வந்து 'அய்யோ பாவம்'னு அழுவறப்ப ஒரே ஒரு தடவ நானா எந்திரிச்சு வெளிய போகோணும். கை தொங்குனாத் தொங்கட்டும்."

சுகந்திக்கு அந்த இரண்டு பெயர்களும் நினைவுக்கு வந்தன. மண் வாரித் தூற்றியது நினைவுக்கு வந்தது. காது சூடாயிற்று.

"அடப் பாவி! கட்டைவிரல்னு நீ சொன்ன சொல்லுக்கு நான் ஊரு வாயில உழுந்து எந்திரிச்சிருக்கறேன். உங்கம்மா எம்மேல வாரி எறைச்ச மண்ணை அள்ளுனா ஒரு ஊடு கட்டலாம். மூக்குல ஈன்னான், மெசேஜுன்னான், இப்ப நடக்கோணுமாமா! கையில்லாம நடந்து எங்கடா போவ? கதவை யாரு தெறப்பா?"

"ஒதைச்சுத் தொறப்பேன்."

"ஒதைப்ப! உன்னைய நாலு ஒதை ஒதைக்கோணும்!"

சாம்பிள் செக்ஷன் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. அவன் விழுந்த நாளிலிருந்து அவனை ஒருவரும் இப்படித் திட்டியிருக்க மாட்டார்கள். கிடக்கிறவனுக்கு எல்லோரும் பரிதாபம்தான் படுவார்கள். போனில் மாரப்பன் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். வளையல் சத்தமும் லேசாகக் குலுங்கிற்று. ருக்குமணி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"திட்டி முடிச்சுட்டீங்களாக்கா?"

"இல்லடா."

"சரி, திட்டுங்க. அம்மா, போனை நல்லா ஒட்டிப் புடி."